தீவு வாழ்வும் இதயமுடுக்கியும்: உடல் உணர்த்தும் குறிப்புகள்

வங்கக் கடலில் வடக்குத் தெற்காக 700 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவுக்கு நீண்டு கிடப்பவை அந்தமான் நிக்கோபார் தீவுகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. இவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகர் போர்ட் பிளேர், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவில் உள்ளது. கப்பல் பயணத்துக்கு இரண்டரை முதல் மூன்று நாள்கள் ஆகும். தெற்கே பெரிய நிக்கோபாரில் உள்ள கேம்பல் விரிகுடாவோ தலைநகரிலிருந்தே 500 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது.

உயர் சிகிச்சைக்காகத் தீவு மக்கள் சென்னையையும் கொல்கத்தாவையும் நாடுவது நீண்ட கால வழக்கம். இதயமுடுக்கி பொருத்திக்கொண்டு திரும்பியவர் ஒருவருக்கு, ஊர் வந்த சில வாரங்களில் மார்புத் தசை துடிக்கிறது. அல்லது ஓயாத விக்கல் தொடங்குகிறது. அல்லது தலை சுற்றுகிறது. பெருநகரில் வாழ்பவராயின் மறுநாளே மருத்துவமனைக்குச் சென்று கருவியைச் சோதித்துக்கொள்வார். தீவில் வாழ்பவர் அடுத்த கப்பல் வரை காத்திருக்கலாமா, இன்றிரவே ஹெலிகாப்டர் கோர வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டியவராகிறார். அம்முடிவை நோயாளியும் குடும்பத்தாரும் சுகாதார நிலையப் பணியாளரும் சேர்ந்தே எடுக்க நேர்கிறது. எந்த உணர்வு எதைக் குறிக்கிறது என்னும் அறிவு அவ்வேளையில் உயிர் காக்கும் அறிவாகும்.

கருவியும் அதன் பணியும்

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சிறு திசுக்கணு ஒன்று, ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை மின்தூண்டலை எழுப்புகிறது. அத்தூண்டல் மேலறைகளைக் கடந்து, நடுவேயுள்ள மற்றொரு கணுவின் வழியாகக் கீழறைகளை அடைகிறது. முதற்கணு தளர்ந்தாலோ வழி அடைபட்டாலோ துடிப்பு குறைகிறது. மூளைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டு மயக்கம் உண்டாகிறது. இக்குறையை ஈடு செய்வதே பேஸ்மேக்கர் என மக்கள் வழங்கும் இதயமுடுக்கி.

காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கப்படும் ஒரு சிறு உலோகப் பெட்டியும், சிரை வழியாக இதயத்துக்குள் செல்லும் ஒன்று முதல் மூன்று வரையிலான மின்கம்பிகளும் இதன் உறுப்புகள். பெட்டிக்குள் மின்கலமும் மின்னணுச் சுற்றும் உள்ளன. கருவி எந்நேரமும் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருப்பதில்லை. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கவனித்து, துடிக்காதபோது மட்டும் தூண்டுவதே பெரும்பாலான கருவிகளின் இயல்பு. ஆகவே அது செய்யும் பணி இரண்டு: கவனித்தல், தூண்டுதல். இவ்விரண்டில் எது பிழைபட்டாலும் நோயாளி அதனை உடலில் உணரக்கூடும்.

1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில், ரூனே எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியாளர் உருவாக்கிய கருவியை ஓகே சென்னிங் என்னும் அறுவை மருத்துவர் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் பொருத்தினார். உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் இதயமுடுக்கி அதுவே. அது சில மணி நேரமே உழைத்தது. லார்சனோ அதன்பின் 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001ஆம் ஆண்டு வரை, தம் 86ஆம் வயது வரை வாழ்ந்தார். கருவியை ஆக்கியவரும் பொருத்தியவரும் அவருக்கு முன்பே மறைந்தனர். கருவி பழுதாவதும் தேய்வதும் இயற்கை. உரிய காலத்தில் அறிந்து மாற்றினால் வாழ்வு தொடரும் என்பதற்கு அவரே முதற்சான்று. இன்றைய மின்கலங்கள் பொதுவாக 7 முதல் 15 ஆண்டுகள் வரை உழைக்கின்றன.

முதல் வாரங்களில் தோன்றுபவை

பொருத்திய இடத்தில் சில நாள்கள் வலியும், தோல் இழுபடுவது போன்ற உணர்வும், கன்றிப்போன நிறமும் இருத்தல் இயல்பு. இவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்து வந்த வலி மீண்டும் கூடினால் அது கவனத்துக்கு உரியது. தழும்பைச் சுற்றிச் சிவத்தல், சூடு, வீக்கம், நீர் அல்லது சீழ் கசிதல், தோல் மெலிந்து பெட்டியின் விளிம்பு தெரிதல் ஆகியவை நோய்த்தொற்றின் அறிகுறிகள். இவை பொருத்திய சில மாதங்களுக்குப் பின்னரும், ஏன், ஆண்டுகள் கழித்தும் தோன்றக்கூடும்.

ஈரப்பதம் மிகுந்த தீவுகளில் வியர்க்குருவும் தோல் அரிப்பும் சாதாரணம். எனவே தொற்றையும் வியர்க்குரு என்று எண்ணி விட்டுவிடும் இடர் உண்டு. வீங்கிய இடத்தில் ஊசி செலுத்தி நீரை எடுப்பது பெருந்தவறு. வெளியிலுள்ள கிருமியை உள்ளே கொண்டு சேர்க்க அதுவே வழியாகும். மாத்திரைகளால் சிவப்பு தற்காலிகமாக அடங்கலாம். ஆனால் பெட்டியையும் கம்பியையும் பற்றிய தொற்று மாத்திரையால் மட்டும் நீங்குவதில்லை. பெரும்பாலும் கருவி முழுவதையும் அகற்ற நேரும்.

தெளிவான காரணமின்றி நீடிக்கும் காய்ச்சலும் இதில் அடங்கும். காய்ச்சல் என்றதும் மலேரியாவையும் எலிக்காய்ச்சலையும் நினைப்பது தீவு மருத்துவர்க்கு இயல்பு. நோயாளியின் உடலில் இதயமுடுக்கி இருப்பின், கம்பியில் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்னும் ஐயமும் எழ வேண்டும். கிருமிக்கொல்லி மருந்து தொடங்கும் முன்பே கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் குருதி எடுக்கப்பட வேண்டும்.

கை வீங்கிக் கனத்தல், கம்பி செல்லும் சிரையில் குருதி உறைந்ததைக் காட்டலாம். கம்பி இடம் பெயரும் என்ற அச்சத்தால் கையை மடியிலேயே வைத்திருப்போர் சிலருக்குத் தோள் மூட்டு இறுகிவிடுவதும் உண்டு. முதற்சில வாரங்கள் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாமலும் பளு தூக்காமலும் இருக்க வேண்டும். கீழ் மட்டத்தில் கையை மெல்ல அசைத்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

தசைத் துடிப்பும் விக்கலும்

இதயத் தசையைத் தூண்ட வேண்டிய மின்சாரம் அண்டையிலுள்ள தசையையோ நரம்பையோ தொடும்போது புதிய உணர்வுகள் தோன்றுகின்றன. பெட்டி உள்ள இடத்தில் மார்புத் தசை சீராகத் துடித்தால், கம்பியின் மேலுறை பழுதுற்று மின்சாரம் கசிகிறது என்று ஐயுறலாம். வயிற்றின் மேற்புறம் துள்ளுவதும், நாடிக்கு ஒத்த தாளத்தில் விக்கல் தொடர்வதும் உதரவிதானம் தூண்டப்படுவதன் அடையாளங்கள். சில வேளைகளில் செலுத்தும் மின்சாரத்தின் அளவைக் குறைப்பதே போதுமான தீர்வாகிவிடும். ஆனால் பொருத்திய சில நாள்களுக்குள் விக்கலுடன் மார்பு வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், கம்பியின் நுனி இதயச் சுவரைத் துளைத்திருக்கக்கூடும். அது அவசர நிலை.

மயக்கமும் நாடியும்

இதயமுடுக்கி பொருத்தப்படுவதற்கு முன் இருந்த மயக்கமோ தலைச்சுற்றலோ மீண்டும் வந்தால், கருவியின் தூண்டல் இதயத்தைச் சேரவில்லை என்று முதலில் கருத வேண்டும். கம்பி இடம் பெயர்வது பெரும்பாலும் முதற்சில வாரங்களில் நிகழ்கிறது. கம்பி முறிவதோ ஆண்டுகள் கழித்து நிகழ்கிறது. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே கம்பி நெருக்குண்டு தேய்வது இதற்கு ஒரு காரணம். வலை இழுத்தல், ஹோடி என்னும் நிக்கோபார்ப் படகைத் துடுப்பால் செலுத்துதல், தென்னை ஏறுதல் போன்ற, தோளை மீண்டும் மீண்டும் இயக்கும் தொழில்களைச் செய்வோர் எந்தப் பணியை எப்போது தொடரலாம் என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்.

முறிந்த கம்பியில் எழும் மின் சலசலப்பை இதயத்தின் சொந்தத் துடிப்பென்று கருவி தவறாகக் கொண்டு தூண்டலை நிறுத்திவிடுவதும் உண்டு. குறிப்பிட்ட ஒரு பக்கம் கையை உயர்த்தும்போதோ திரும்பும்போதோ மட்டும் தலை சுற்றுகிறது என்று நோயாளி கூறினால், அச்சிறு செய்தியே பழுதைக் கண்டுபிடிக்கத் துணை செய்யும். தோலுக்கடியில் உள்ள பெட்டியை விரலால் திருகிப் பார்க்கும் பழக்கமும் தீது. பெட்டி சுழலச் சுழலக் கம்பி அதன்மேல் சுற்றிக்கொண்டு இதயத்திலிருந்து விடுபட்டுவிடும்.

நாடியை எண்ணுதல் எளிய சோதனை. ஓய்வாக அமர்ந்து, மணிக்கட்டில் விரல்களை வைத்து, முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கருவியில் அமைக்கப்பட்டுள்ள குறைந்த அளவு 60 எனில், நாடி தொடர்ந்து அதற்குக் கீழ் இருப்பது தெரிவிக்க வேண்டிய செய்தி. எனினும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இடையிடையே முந்தித் தோன்றும் வலுவற்ற துடிப்புகள் மணிக்கட்டை எட்டாமையால் எண்ணிக்கை குறைவாகத் தோன்றலாம். உறக்க நேரத்துக்கென அளவு குறைத்து அமைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே குறைந்த எண்ணிக்கையோடு மயக்கமும் களைப்பும் சேர்ந்துள்ளனவா என்பதையும் நோக்க வேண்டும்.

கழுத்துத் துடிப்பும் களைப்பும்

கருவி பழுதின்றி இயங்கியும் சிலர் களைப்பு, மூச்சிரைப்பு, கழுத்து நரம்புகள் துள்ளுதல், தலை கனத்தல் ஆகியவற்றைக் கூறுவர். கீழறை மட்டும் தூண்டப்படும்போது மேலறையும் கீழறையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கும் ஒழுங்கு குலைந்து, மேலறை மூடிய வால்வுக்கு எதிராகச் சுருங்குவதே இதற்குக் காரணம். இது கற்பனை நோயன்று. கருவியின் அமைப்பை மாற்றியோ மேலறைக்கும் ஒரு கம்பி சேர்த்தோ தீர்க்கக்கூடியது.

மின்கலம் முடிவை நெருங்கும்போது சில கருவிகள், சிக்கனத்துக்காக, தாமாகவே இத்தகைய எளிய இயக்கத்துக்கு மாறிக்கொள்கின்றன. பல ஆண்டுகள் நலமாக இருந்தவர் திடீரெனக் களைப்படைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மாற்ற வேண்டும் என்று கருவி அறிவித்த பின் பொதுவாக மூன்று மாத அளவுக்கு மின்கலம் தாங்கும். பருவமழைக் காலத்தில் கப்பல்கள் தாமதப்படும் தீவுகளில் மூன்று மாதம் நீண்ட அவகாசம் அன்று.

பழுதன்று எனக் கொள்ளத்தக்கவை

எல்லா உணர்வும் பழுதின் அறிகுறி அன்று. உடல் அசைவை உணர்ந்து துடிப்பை உயர்த்தும் வசதி பல கருவிகளில் உள்ளது. மேடு பள்ளமான சாலையில் வண்டி குலுங்கும்போதோ, ஹெலிகாப்டரின் அதிர்விலோ, அமர்ந்திருப்பவர் நடக்கிறார் எனக் கருவி கருதித் துடிப்பைச் சிறிது உயர்த்தக்கூடும். பயணம் முடிந்ததும் படபடப்பு அடங்கினால் அஞ்சத் தேவையில்லை. அடுத்த சோதனையின்போது கூறினால் அதன் நுண்ணுணர்வைக் குறைத்து அமைப்பர். சில கருவிகள் நாள்தோறும் குறித்த நேரத்தில், பெரும்பாலும் இரவில், தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன. அவ்வேளையில் சில துடிப்புகள் விரைவாகவோ அழுத்தமாகவோ தோன்றலாம். ஒவ்வோர் இரவும் ஒரே நேரத்தில் வரும் படபடப்பு இவ்வகையினதாக இருக்கலாம். நேரத்தைக் குறித்து வைத்தாலன்றி இது புலப்படாது.

காந்தம் அருகில் வந்தால் கருவி இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் தூண்டத் தொடங்கும்; காந்தம் விலகியதும் பழைய நிலைக்குத் திரும்பும். கைப்பேசியையும் ஒலிபெருக்கியையும் கருவியிலிருந்து 15 செ.மீ. தொலைவிலாவது வைத்தல் வேண்டும். சட்டையின் இடப் பையில் கைப்பேசி வைக்கும் பழக்கத்தைக் கருவி இடப்பக்கம் உள்ளவர் கைவிட வேண்டும். மின்தூண்டல் அடுப்பிலிருந்து 60 செ.மீ. விலகி நிற்பது நன்று. மின்வில் பற்றவைப்புத் தொழிலையும், படகின் வானொலி, ராடார் ஆகியவற்றின் அலைவாங்கி அருகில் நிற்பதையும் மருத்துவரிடம் கேளாமல் மேற்கொள்ளலாகாது. ஓடும் இயந்திரத்தின் மேல் குனிந்து வேலை செய்கையில் தலை சுற்றினால் உடனே விலக வேண்டும். விலகியதும் நலம் திரும்பினும், நிகழ்ந்ததைத் தெரிவித்தல் வேண்டும். விமான நிலைய வாயிற்கருவியை நில்லாமல் கடக்கலாம். கைச் சோதனைக் கருவியை மார்பின் மேல் பிடிக்க வேண்டாம் என்று அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

கருவி பொருத்திய பின் பலர் தம் இதயத் துடிப்பையே இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பர். அவர்களை 'வீண் பயம்' என்று கடிந்து அனுப்புதல் முறையன்று. அப்படி அனுப்பப்பட்டவர் அடுத்த முறை உண்மையான அறிகுறியையும் மறைத்துவிடுவார். மார்பு வலியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இதயமுடுக்கி மாரடைப்பைத் தடுக்கும் கருவி அன்று. நெஞ்சை அழுத்தும் வலி வந்தால், மற்றவர்க்குச் செய்யும் அவசர சிகிச்சையை இவர்க்கும் தாமதமின்றிச் செய்ய வேண்டும்.

மூவகைப் பாகுபாடு

மேற்கூறியவற்றைத் தீவு வாழ்வுக்கு ஏற்ப மூவகையாகப் பகுக்கலாம். உடனே வெளியேற்றம் கோர வேண்டியவை: நினைவிழப்பு, மீண்டும் மீண்டும் வரும் மயக்கம், நெஞ்சு வலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், தலைச்சுற்றலோடு கூடிய மிகக் குறைந்த நாடி, தழும்பு பிளந்து பெட்டியோ கம்பியோ வெளித்தெரிதல். அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் கூற வேண்டியவை: தழும்பில் சிவப்பு, வீக்கம், கசிவு, காரணமற்ற காய்ச்சல், கை வீக்கம், தொடரும் விக்கல், தசைத் துடிப்பு, புதிதாகத் தோன்றிய களைப்பு, கருவி எழுப்பும் ஒலி அல்லது அதிர்வு. குறித்து வைத்து அடுத்த சோதனையில் கூறத்தக்கவை: வண்டிக் குலுக்கலில் தோன்றி மறையும் படபடப்பு, இடப்பக்கம் படுக்கும்போது உணரும் துடிப்பு, ஆறிய தழும்பில் எப்போதாவது வரும் சுருக்கென்ற வலி.

குறிப்பு எழுதுதல் கடினமன்று. நாள், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, உணர்வு நீடித்த அளவு, நாடி எண்ணிக்கை ஆகிய ஐந்தும் போதும். கருவியின் நினைவகத்தில் பதிவாகியிருப்பவற்றோடு இந்நேரத்தை ஒப்பிட்டு மருத்துவர் உண்மையைக் காண்பார்.

நிர்வாகம் செய்யத்தக்கவை

தலைநகரில் ஜி. பி. பந்த் மருத்துவமனையும், மாயாபந்தரிலும் கார் நிக்கோபாரிலும் மாவட்ட மருத்துவமனைகளும், பிற தீவுகளில் சுகாதார நிலையங்களும் உள்ளன. இதயமுடுக்கியின் உள்நிலையை அறிய அதற்கெனத் தனிக் கணினிக் கருவி தேவை. ஒரு நிறுவனத்தின் கணினி மற்றொரு நிறுவனத்தின் இதயமுடுக்கியைப் படிக்காது. எனவே நோயாளியின் அட்டையில் உள்ள நிறுவனப் பெயர், மாதிரி எண், பொருத்திய நாள், அமைக்கப்பட்ட துடிப்பு அளவு ஆகியவற்றின் படி ஒன்று அவர் வாழும் தீவின் சுகாதார நிலையத்திலேயே இருத்தல் வேண்டும். அனுப்பும் இடத்தில் உரிய கணினி உள்ளதா என்று முன்னதாகக் கேட்டறியாமல் நோயாளியைக் கப்பலேற்றுவது காலத்தையும் பொருளையும் வீணாக்கும்.

சுகாதார நிலையத்தில் எடுக்கும் இ.சி.ஜி. பெரிதும் பயன்படும், ஆயினும் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். படத்தில் தூண்டல் கோடுகள் இல்லையென்பதால் கருவி நின்றுவிட்டது எனக் கொள்ளலாகாது. இதயம் தானே துடிப்பதால் கருவி ஓய்ந்திருக்கலாம். படம் இயல்பாக இருப்பதால் பழுதில்லை என்றும் கொள்ளலாகாது. விட்டு விட்டு வரும் பழுது அந்நேரத்தில் தோன்றாதிருக்கலாம்.

தொலை மருத்துவம் இத்தீவுகளுக்குப் புதிதன்று. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு 2000களின் தொடக்கத்திலேயே ஜி. பி. பந்த் மருத்துவமனை செயற்கைக்கோள் வழியாகச் சென்னையுடன் இணைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கம்பி, சென்னையைத் தலைநகருடனும் கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளுடனும் இணைக்கிறது. வீட்டிலிருந்தே இதயமுடுக்கியின் நிலையை மருத்துவமனைக்கு அனுப்பும் தொலைக்கண்காணிப்பு வசதிக்கு இத்தகைய இணைப்பே அடிப்படை. தீவுக்குத் திரும்ப வேண்டிய நோயாளிக்குக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே இவ்வசதி உள்ளதா என்று கேட்பது பொருத்தம். ஆனால் தொலைக்கண்காணிப்பு அவசர உதவிக்கு மாற்றன்று. அனுப்பிய செய்தியை மருத்துவமனை அக்கணமே பார்க்கும் என்னும் உறுதி இல்லை.

இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒவ்வொரு தீவிலும் இதயமுடுக்கி உடையோர் பட்டியல், பணியாளர்க்கு ஒரு நாள் பயிற்சி, தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் நிக்கோபார் மொழியிலும் ஒரு பக்க அறிவுரைத் தாள், சோதனைக்குச் செல்வோர்க்குக் கப்பலில் முன்னுரிமை ஆகியவை இருந்தால் போதும். கருவியைப் பொருத்துவது ஒரு நாள் வேலை. அதனோடு வாழ்வது பல்லாண்டு. அப்பல்லாண்டிலும் கருவிக்கு நேரும் குறையை முதலில் அறிபவர் நோயாளியே. அவர் கூறுவதைக் கேட்கவும், கேட்டதன் பொருளை அறியவும் அருகிலேயே ஒருவர் இருப்பாராயின், கடலின் தொலைவு பெருமளவு குறைந்துவிடும்.